மருந்தியல்: நிமோனிக் ஞாபகம் இருக்கு, அது எதுக்குன்னுதான் மறந்துபோகுது. எப்படிப் படிக்கிறது?

செவிலி_மாணவி:

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நர்சிங் இரண்டாம் வருஷம். மருந்தியல் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. பாடத்திட்டத்துல சுமார் 150 மருந்து. இணையத்துல கிடைக்கிற இங்கிலீஷ் நிமோனிக் (ஞாபகத்துக்குன்னு போடுற சுருக்கு வார்த்தை) எல்லாத்தையும் நோட்டுல எழுதி மனப்பாடம் பண்றேன். எழுத்து வரிசை கடகடன்னு வருது. ஒவ்வொரு எழுத்துக்கும் எது நிக்குதுன்னு கேட்டா வாய் அடைச்சுப்போகுது.

ரொம்பச் சிக்குற இடம்: ப்ரசோல், கோனசோல், நிடசோல் மாதிரி முடியற பேரெல்லாம் ஒண்ணாக் குழம்புது. எந்த மருந்து பொட்டாசியத்தை ஏத்தும், எது இறக்கும்னு ஒவ்வொரு தடவையும் மாத்திச் சொல்றேன். ஆன்டிடோட் (நச்சுமுறி) பட்டியல்ல, ரத்தம் உறையாம வைக்கிற ஹெப்பாரினுக்கும் வார்ஃபரினுக்கும் இடம் மாறிடுது. டிபி மருந்தோட பக்கவிளைவும் அப்படித்தான். தமிழ்ல ஏதாவது ஷார்ட்கட் இருந்தா சொல்லுங்க. நிமோனிக்கே வேண்டாம்னு சொன்னாலும் சரி, அப்போ வேற எப்படின்னு சொல்லிடுங்க.

---

மாத்திரைப்பெட்டி:

தங்கச்சி, வரிசை தலைகீழா இருக்கு. நிமோனிக் கடைசியில வர வேண்டியது.

150 மருந்தையும் தனித்தனியா எடுத்துக்கிட்டா யாராலயும் முடியாது. குடும்பம் குடும்பமாப் பிரி, முப்பது சொச்சம்தான் வரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு மருந்தை மட்டும் ஆதி முதல் அந்தம் வரை படி. மத்ததுக்கெல்லாம் "அதே மாதிரிதான், ஆனா இந்த ஒண்ணுல மட்டும் வேற" என்ற அளவு போதும்.

எனலாப்ரில்னு ஒரு பிபி மருந்தை எடுத்துக்கோ. ஆஞ்சியோடென்சின் ஒன்றை இரண்டா மாத்துற என்சைமை அது தடுக்குது. ஆஞ்சியோடென்சின் இரண்டு குறைஞ்சா ரத்தக்குழாய் விரியும், பிபி இறங்கும், முதல் டோஸுக்கு அப்புறம் சட்டுனு எழுந்து நின்னா தலை சுத்தும். சோடியத்தைப் பிடிச்சு வைக்கிற ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் கூடவே குறையும், அதனால சோடியம் வெளியே போகும், பொட்டாசியம் உள்ளே தங்கும். அதே என்சைம்தான் பிராடிகினின்னு ஒரு ரசாயனத்தையும் உடைக்கிற ஆள். அது உடையாமத் தேங்கினா வறட்டு இருமல். அதே காரணத்தால உதடு, நாக்கு, தொண்டை வீங்கினா ஆஞ்சியோஎடிமா, உடனே மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடணும். நாலு பக்கவிளைவு வந்தாச்சு, ஒரு நிமோனிக்கும் செலவாகல. லோசார்ட்டன் இந்த என்சைமைத் தொடுறதே இல்லை. ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் உட்கார்ற ரிசெப்டர்ல அடைச்சுக்குது. அதனால இருமல் அபூர்வம், பொட்டாசியம் மட்டும் அதே மாதிரி ஏறும். கர்ப்பத்துல ரெண்டுமே கூடாது.

இப்போ காரணம் சொல்ல முடியாத ஒரே சங்கதி பாக்கி: "ப்ரில்"னு முடிஞ்சா இந்தக் குடும்பம்னு எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது? நிமோனிக்குக்கு வேலை இங்கதான். அந்த என்சைமோட சுருக்கப் பேர் ஏஸ். ஏஸ் தடுப்பான், வால் ப்ரில், சேர்த்தா ஏப்ரில். "ஏப்ரில் இருமல்"னு சொல்லிப் பாரு. குடும்பமும் வந்துடும், பேஷன்ட் கிட்டக் கேட்க வேண்டியதும் வந்துடும்.

பொட்டாசியமும், இதய மருந்தான டிஜாக்சினும் இதே கதைதான். செல் சவ்வுல இருக்கிற சோடியம்-பொட்டாசியம் பம்ப்புல ரெண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுது. பொட்டாசியம் குறைஞ்சா போட்டிக்கு ஆள் இல்லை, டிஜாக்சின் அளவுக்கு மீறி ஒட்டிக்கும், நஞ்சாகும். சிறுநீரோட பொட்டாசியத்தை வெளியேத்துற ஃப்யூரோசமைடும் டிஜாக்சினும் ஒரே சார்ட்டுல இருந்தா பொட்டாசியம் ரிப்போர்ட்டை ஏன் தேடுறோம்னு தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

அடுத்து அந்த வால் குழப்பம். "அசோல்" மட்டும் பார்த்தா ஊர்ப்பட்ட மருந்து அதுல முடியும். ரெண்டு எழுத்து முன்னாடியே படிக்க ஆரம்பி. ப்ரசோல்னா வயித்து அமிலம்: ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. கோனசோல்னா பூஞ்சை: ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோல், ஈரல் டெஸ்ட்டைக் கவனி. நிடசோல்னா ஆக்சிஜன் இல்லாம வாழுற கிருமி, அமீபா: மெட்ரோனிடசோல், வாயில உலோகச் சுவை வரும், மது தொடக் கூடாது. பென்டசோல்னா புழு: அல்பென்டசோல், மெபென்டசோல்.

வாலை நம்பி ஏமாறுற இடத்தைத் தனி அட்டையில எழுது, தேர்வுல கேள்வி வர்றதே அங்கதான். அரிபிப்ரசோல் மனநோய் மருந்து, வயித்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. நிஸ்டாடின் கொலஸ்ட்ரால் மருந்து மாதிரி "ஸ்டாடின்"னு முடிஞ்சாலும் வாய்ப்பூஞ்சைக்கு, கொலஸ்ட்ராலுக்கு இல்லை. ஸ்டானோசோலால், இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மருந்து மாதிரி "ஓலால்"னு முடியும், ஆனா அது தசை வளர்க்கிற ஸ்டீராய்டு. "மைசின்" என்ற வாலைக் குடும்பமாவே எண்ணாதே: அசித்ரோமைசின் மேக்ரோலைடு, ஸ்ட்ரெப்டோமைசின் அமினோகிளைகோசைடு, வான்கோமைசின் வேற ரகம், கிளின்டாமைசின் இன்னொரு ரகம், ப்ளியோமைசின் புற்றுநோய் மருந்து. சில மைசினுக்கு மட்டும் உள்ள காது, கிட்னி பாதிப்பு எச்சரிக்கையை எல்லா மைசினுக்கும் எழுதி மார்க் விடுறவங்க நிறைய.

---

நாடித்துடிப்பு:

மேல சொன்னதுக்கு மறுபேச்சு இல்லை. அவங்க ஷார்ட்கட் பக்கம் அதிகம் போகல, நான் போறேன். இங்கிலீஷ் எழுத்துச் சுருக்கம் ஏன் நிக்கலைன்னா, அதுல ஒரு எழுத்துக்கு ஒரு வார்த்தைன்னு மறுபடியும் ஒரு பட்டியலைப் பாடம் பண்ண வேண்டியிருக்கு. மருந்தோட பேர் காதுல விழும்போதே விடையும் சேர்ந்து விழுற மாதிரி இருந்தா பட்டியலே வேண்டாம்.

டிபி மருந்து நாலு:

எதம்ப்யூட்டால்: "எது பச்சை, எது சிவப்பு?" பார்வை நரம்பு பாதிச்சா முதல்ல போறது இந்த நிற வித்தியாசம். மருந்து ஆரம்பிக்கும் முன்னாடியும் நடுவுலயும் கண் பரிசோதனை.

ஐசோனியசிட்: ஐஸ். கை கால் ஐஸ் வெச்ச மாதிரி மரத்துப்போகும். பைரிடாக்சின், அதாவது பி6, கூடவே கொடுக்கிறது இதுக்குத்தான்.

ரிஃபாம்பிசின்: ஆரஞ்சு ரிப்பன். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு. பயப்பட வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லணும். கான்டாக்ட் லென்ஸ்ல கறை பிடிக்கும். கருத்தடை மாத்திரையோட பலனைக் குறைச்சிடும், இதை நிறைய பேர் எழுத மறக்கிறாங்க.

பைரசினமைடு: "ப"வுக்குப் பெருவிரல். யூரிக் அமிலம் ஏறி கால் பெருவிரல் மூட்டு வலிக்கும்.

ஈரல் பாதிப்பு இந்தப் பட்டியல்ல ஏன் தனியா இல்லைன்னா, எதம்ப்யூட்டால் தவிர மத்த மூணுக்குமே அது பொது. "கண்ணைத் தொட்டது ஈரலை விட்டது"ன்னு ஒரு வரியில முடிச்சிடலாம்.

பொட்டாசியத்துக்கு முதல் எழுத்தே போதும். சிறுநீர் பெருக்கி மருந்துகள்ல ஸ்பைரனோலாக்டோன் சேர்க்கும், ஃப்யூரோசமைடு போக்கும். தயசைடு ஃப்யூரோசமைடு பக்கம். ப்ரில், சார்ட்டன் ரெண்டும் ஸ்பைரனோலாக்டோன் பக்கம். சேர்க்கிற மருந்து ரெண்டு ஒரே சார்ட்டுல வந்தா மணி அடிக்கணும். இன்சுலினும் சால்புட்டமாலும் பொட்டாசியத்தை வெளியேத்துறதில்லை, ரத்தத்துல இருந்து செல்லுக்குள்ள தள்ளுது. ரிப்போர்ட்டுல குறைவாத் தெரியும்.

ஆன்டிடோட்: "வ"வுக்கு "வ". வார்ஃபரின், வாய்வழி, வைட்டமின் கே. ஹெப்பாரின் ஊசி, அதுக்கு ப்ரோட்டமின். 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மி.கி., ஒரே தடவையில 50 மி.கி.க்கு மேல போகாது, மெதுவாத்தான் போடணும், வேகமாப் போட்டா பிபி விழும். ரத்தம் உறையற நேரத்தைப் பார்க்கிற எந்த டெஸ்ட் எதுக்குன்னு குழம்பினா இங்கிலீஷ் எழுத்தை எண்ணு: ஹெப்பாரின் 7 எழுத்து, பிடிடி 3 எழுத்து, கூட்டினா 10. வார்ஃபரின் 8, பிடி 2, அதுவும் 10. ஐஎன்ஆர் பிடியில இருந்து கணக்கிடுறது, பெரும்பாலான நோய்க்கு 2 முதல் 3 வரை வெச்சிருப்பாங்க.

நலோக்சோன்: "நல்லா மூச்சு விடு". மார்ஃபின் மாதிரி ஓபியாய்டுக்கு. இதுல மார்க் எங்கே போகுதுன்னா, நலோக்சோன் வேலை செய்றது 30 முதல் 90 நிமிஷம். உடம்புல இருக்கிற ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் நிக்கலாம். கண் முழிச்சிட்டாருன்னு விட்டுட்டா மறுபடியும் மூச்சு இறங்கும்.

மெக்னீசியம் சல்ஃபேட் நச்சு வர்ற வரிசை: முட்டி, மூச்சு, மார்பு. முதல்ல முட்டி அனிச்சை போகும், அடுத்து மூச்சு இறங்கும், கடைசியில இதயம் நிக்கும். அதனாலதான் சுத்தியலை முதல்ல எடுக்கிறோம். முட்டி அசையலைன்னாலோ, மூச்சு நிமிஷத்துக்கு 12க்குக் கீழே போனாலோ, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே போனாலோ நிறுத்து, சொல்லு. முறிக்கிறது கால்சியம் குளுக்கோனேட், 10 சதவீதக் கரைசல் 10 மி.லி., நாளத்துல மெதுவா.

அட்ரோபினுக்கு அஞ்சு வினை: உலரும், மங்கும், அடைக்கும், இறுகும், ஓடும். வாய் உலரும், பார்வை மங்கும், சிறுநீர் அடைக்கும், மலம் இறுகும், இதயம் ஓடும். வாய்விட்டு ரெண்டு தடவை சொன்னா போதும், ஒட்டிக்கும். பூச்சிமருந்து நஞ்சுல இதை அப்படியே திருப்பிப் போடு: எச்சில், கண்ணீர், சிறுநீர், வாந்தி, பேதி எல்லாம் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாச் சுருங்கும், நாடி மெதுவாகும். அந்த நஞ்சை முறிக்கக் கொடுக்கிற அட்ரோபின் போதுமான்னு பார்க்க கண்மணியை நம்பாதே. நெஞ்சுல கரகரப்பு அடங்கிடுச்சா, நாடி 80க்கு மேல வந்துடுச்சா, சிஸ்டாலிக் பிபி 80க்கு மேல இருக்கான்னு பாரு.

பீட்டா ரிசெப்டருக்கு எல்லாரும் சொல்றதுதான்: இதயம் ஒண்ணு, பீட்டா 1, நுரையீரல் ரெண்டு, பீட்டா 2. இங்கிலீஷ் எழுத்து வரிசையில ஏ முதல் எம் வரைக்கும் தொடங்குற பீட்டா பிளாக்கர் (அட்டெனோலால், பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால்) இதயத்தை மட்டும் பிடிக்கும். என் முதல் இசட் வரை (நாடோலால், ப்ரோப்ரனோலால், டிமோலால்) ரெண்டையும் பிடிக்கும், ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.

---

சொட்டுக்கணக்கு:

அந்தக் கடைசி விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கார்வெடிலால் 'சி'யில் தொடங்குகிறது, லேபெட்டலால் 'எல்'லில் தொடங்குகிறது. விதிப்படி இரண்டும் இதயத்தை மட்டும் பிடிக்க வேண்டும். உண்மையில் இரண்டும் பீட்டா 1, பீட்டா 2, ஆல்ஃபா 1 மூன்றையும் தடுப்பவை. வாலைக் கூர்ந்து பார்த்தால் பிடிபட்டுவிடும்: "ஓலால்" இல்லை, "இலால்", "அலால்". எழுத்து வரிசை விதி "ஓலால்" என்று முடிபவற்றுக்கு மட்டும், அதிலும் பெரும்பாலானவற்றுக்குத்தான். இன்னொன்று, "இதயத்தை மட்டும்" என்பது குறைந்த டோஸில்தான். டோஸ் ஏறினால் அட்டெனோலாலும் நுரையீரலைத் தொடும். ஆகவே ஆஸ்துமா நோயாளிக்கு எந்த பீட்டா பிளாக்கரையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு: டோஸ் எண்களுக்கு நிமோனிக் போடாதீர்கள். பெயருக்கும் பக்கவிளைவுக்கும் போடுங்கள். டோஸை ஆர்டரிலும் லேபிளிலும் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். "ஞாபகத்தில் 40 என்றிருந்தது" என்பது வார்டில் செல்லாது.

ஒரே ஒரு விலக்கு அட்ரினலின். அவசரத்தில் புத்தகம் புரட்ட நேரம் இருக்காது. இரண்டு செறிவும் பார்வைக்குக் குழப்பும். ஆயிரத்தில் ஒன்று என்றால் ஒரு மி.லி.யில் 1 மி.கி.; பத்தாயிரத்தில் ஒன்று என்றால் ஒரு மி.லி.யில் 0.1 மி.கி. "மூன்று சுழி தசைக்கு, நான்கு சுழி நாளத்துக்கு" என்று வைத்துக்கொள்ளுங்கள். அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) வந்த பெரியவருக்கு மூன்று சுழிக் கரைசலில் 0.5 மி.லி., தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். இதயம் நின்றவருக்கு நான்கு சுழிக் கரைசலில் 10 மி.லி., நாளத்தில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. மூன்று சுழியைத் தவறி நாளத்தில் போட்டால் துடிப்பு தாறுமாறாகும், பிபி எகிறும். எண்ணை மட்டும் பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சொட்டுக் கணக்குக்குச் சூத்திரம் போதும்: மி.லி. × செட்டின் சொட்டு எண் (ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு) ÷ நிமிடம். 1000 மி.லி.யை 8 மணி நேரத்தில் விட வேண்டும், செட் 20 சொட்டு. 1000 × 20 ÷ 480 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42. சரிபார்க்க ஒரு குறுக்குவழி: மணிக்கு எத்தனை மி.லி. என்று எடுத்து, 20 சொட்டு செட் என்றால் 3ஆல் வகு, 15 சொட்டு என்றால் 4ஆல் வகு, 60 சொட்டு மைக்ரோ செட் என்றால் வகுக்கவே வேண்டாம். மேலே உள்ளதில் மணிக்கு 125, 3ஆல் வகுத்தால் 41.67. இரண்டு வழியும் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் மணியை நிமிடமாக மாற்ற மறந்திருப்பீர்கள்.

நாளத்தில் போடும் மருந்துகளில் விதி ஒன்றை மீறினாலும் ஆபத்து என்று சில இருக்கின்றன. அவற்றுக்கு ஆளுக்கு ஒரு வரி. ஃபெனிடோயின் (வலிப்பு மருந்து): "உப்போடு உறவு, சர்க்கரையோடு சண்டை". நார்மல் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸ் பட்டால் வெள்ளையாகத் திரிந்து படியும். பெரியவருக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் விடக் கூடாது, மானிட்டர் மாட்டியிருக்க வேண்டும். வான்கோமைசின்: குறைந்தது ஒரு மணி நேரம். அவசரப்பட்டால் முகம், கழுத்து, மார்பு சிவந்து அரிக்கும், பிபியும் இறங்கலாம். பொட்டாசியம் குளோரைடு: ஆம்பூலில் இருந்து நேரே தள்ளவே கூடாது, இதயம் நின்றுவிடும். கலக்கி, பையை நன்றாகக் குலுக்கி, சொட்டாகத்தான். குலுக்காமல் தொங்கவிட்டால் கனமான கரைசல் அடியில் தங்கி முதலில் இறங்கும்.

---

செவிலி_மாணவி:

ரொம்ப நன்றிக்கா, அண்ணா. "எது பச்சை எது சிவப்பு" இனி மறக்காது! இன்னும் ரெண்டு சந்தேகம். எல்லாத்தையும் அட்டையில எழுதலாம்னு நினைக்கிறேன். ஒரு மருந்துக்கு ஒரு அட்டைன்னு போட்டு குடும்பம், செயல்பாடு, பக்கவிளைவு, நர்ஸ் கவனிக்க வேண்டியது எல்லாம் எழுதினா சரியா? ரத்தத்துல இருக்க வேண்டிய மருந்து அளவுகளுக்கு (டிஜாக்சின், லித்தியம் மாதிரி) ஏதாவது வழி இருக்கா?

---

இரவுப்பணி:

அப்படி எழுதினா அது அட்டை இல்லம்மா, துண்டு துண்டாக் கிழிச்ச பாடப்புத்தகம். திருப்பிப் பார்க்கும்போது ஆறு விஷயத்துல நாலு ஞாபகம் இருக்கும், "தெரியுது"ன்னு ஒதுக்கிடுவே, விட்டுப்போன ரெண்டு கடைசிவரைக்கும் விட்டே போயிருக்கும். ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு விடை.

டிஜாக்சினுக்கு இப்படி:

முன்: டிஜாக்சின் கொடுக்கும் முன் எந்த நாடி, எவ்வளவு நேரம்? பின்: இதய நுனியில, முழுசா ஒரு நிமிஷம்.
முன்: பெரியவருக்கு எத்தனைக்குக் கீழே நிறுத்தணும்? பின்: 60.
முன்: கூட எந்த ரிப்போர்ட்? பின்: பொட்டாசியம், 3.5க்குக் கீழே ஆபத்து.
முன்: நச்சோட ஆரம்ப அறிகுறி? பின்: பசியின்மை, குமட்டல், மஞ்சளா, வட்டமாத் தெரியறது.
முன்: பொட்டாசியம் குறைஞ்சா ஏன் நச்சு கூடுது? பின்: பம்ப்புல போட்டி இல்லை.

"ஏன்" அட்டை ஒண்ணாவது ஒவ்வொரு மருந்துக்கும் இருக்கட்டும். நிமோனிக்கை விடைப்பக்கத்துல ஓரமா எழுது, கேள்விப்பக்கத்துல எழுதினா அதுவே விடையைச் சொல்லிக் கொடுத்துடும். முக்கியமானதுக்குத் திருப்பியும் ஒரு அட்டை போடு: "எது பச்சை எது சிவப்பு, எந்த மருந்து?" ஒரு பக்கம் மட்டும் பழகினா தேர்வுல கேள்வி மறுபக்கத்துல இருந்து வரும்போது திணறும். நீ முதல்ல சொன்ன "எழுத்து வருது, அர்த்தம் வரலை" சங்கதியும் பாதி இதனாலதான்.

விடையைப் பார்க்கும் முன்னாடி வாயால சொல்லு, இல்ல எழுது. மனசுக்குள்ள "ம், தெரியும்"னு திருப்பிடாதே. தானா வரவழைச்ச விடைதான் தங்கும், பார்த்துப் படிச்ச விடை அன்னைக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

கத்துக்கிட்டது எவ்வளவு வேகமா மறக்கும்னு ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லயே எழுதி வெச்சுட்டார். முதல் ஒரு நாள்லயே பெரும்பகுதி போயிடும். அதனால மறுநாள் ஒரு தடவை, அப்புறம் மூணாவது நாள், ஏழாவது நாள், அப்புறம் ரெண்டு வாரம்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போ. காகித அட்டைன்னா மூணு பெட்டி: முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூணு நாளுக்கு ஒருமுறை, மூணாவது வாரத்துக்கு ஒருமுறை. சரியாச் சொன்னா அடுத்த பெட்டி, தப்பினா எந்தப் பெட்டியில இருந்தாலும் முதல் பெட்டிக்கு. அன்கி செயலி இதைத் தானே பார்த்துக்கும், ஆனா அதுல முதல்லயே நாளுக்கு 20 புது அட்டைன்னு வெச்சிருப்பாங்க. அதை 10 இல்ல 12 ஆக்கு. புது அட்டை பயமுறுத்தாது. ரெண்டாவது வாரம் மறுபார்வை குவியும்போதுதான் எல்லாரும் கைவிடுறாங்க. ஆறு வாரத்துல கடைசி வாரம் புதுசு எதுவும் சேர்க்காதே. ஒரே குடும்பத்தை வரிசையாக் கேட்டுக்காதே, கலைச்சுப் போட்டுக் கேளு. வரிசையா வந்தா முதல் அட்டை அடுத்த நாலுக்கும் துப்பு கொடுத்துடும்.

அடுத்தவங்க போட்ட ரெடிமேட் அட்டைக் கட்டை அப்படியே இறக்காதே. டோஸும் அளவும் பாடநூலுக்குப் பாடநூல் மாறும்.

ரத்த அளவு: நாலு மருந்தை ரெண்டு ஜோடியாப் பிரி. பெரிய ஜோடி, ஃபெனிடோயினும் தியோஃபிலினும், ரெண்டுக்கும் 10 முதல் 20, மைக்ரோகிராம் ஒரு மி.லி.க்கு. தியோஃபிலினுக்குச் சில நூல் 5 முதல் 15னு போட்டிருக்கும், உன் பாடநூல் எதுவோ அதை எழுது. சின்ன ஜோடி, டிஜாக்சினும் லித்தியமும். டிஜாக்சின் 0.5 முதல் 2 நானோகிராம் ஒரு மி.லி.க்கு, லித்தியம் 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் ஒரு லிட்டருக்கு. லித்தியத்துல 1.2ஐத் திருப்பினா 2.1னு எழுதிடுவாங்க, 1.5 தாண்டினாலே நச்சுன்னு ஒரு வேலி போட்டு வெச்சுக்கோ. உப்பைக் குறைச்சாலோ, பேதி, வாந்தி வந்தாலோ கிட்னி சோடியத்தைப் பிடிச்சு வைக்கப் பார்க்கும், கூடவே லித்தியத்தையும் பிடிச்சு வைக்கும். உப்பை ஏத்தாம இறக்காம ஒரே அளவுல சாப்பிடச் சொல்றது அதுக்குத்தான்.

காதுக்கு ஒரே மாதிரி விழுற பேருக்குத் தனிக்கட்டு ஒண்ணு: டோபமைன், டோபுட்டமைன். ஹைட்ரலசின், ஹைட்ராக்சிசின். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின். குளோர்ப்ரோமசின், குளோர்ப்ரோபமைடு. அட்டையோட முன்பக்கத்துல ரெண்டு பேரையும் சேர்த்தே எழுது, "வித்தியாசம் என்ன?"ன்னு கேளு. தனித்தனி அட்டையாப் போட்டா ரெண்டும் நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருக்கும், பக்கத்துல பக்கத்துல வந்தாத்தான் குழம்பும்.

---

செவிலி_மாணவி:

புரிஞ்சது சிஸ்டர், இன்னைக்கே பிரிச்சு எழுதறேன். கடைசியா ஒண்ணு: இன்சுலின் ரெண்டு கலக்கும்போது காத்து எதுல முதல்ல, மருந்து எதுல முதல்லன்னு செய்முறைத் தேர்வுல தடுமாறுது.

---

நாடித்துடிப்பு:

"தெளிஞ்சது முன், கலங்கினது பின்." இது மருந்து உறிஞ்சுறதுக்கு. காத்துக்கு அப்படியே தலைகீழ்.

ரெகுலர் இன்சுலின் (தெளிஞ்சது) 10 யூனிட், என்பிஎச் இன்சுலின் (கலங்கினது) 20 யூனிட்னு வெச்சுக்கோ. என்பிஎச் பாட்டிலை உள்ளங்கையில உருட்டு, குலுக்காதே, நுரை வந்தா அளவு தப்பும். ரெண்டு ரப்பரையும் துடைச்சுக் காய விடு. 20 யூனிட் காத்தை என்பிஎச்சுக்குள்ள விடு, ஊசிமுனை மருந்துல படக் கூடாது, எதையும் உறிஞ்சாம வெளியே எடு. 10 யூனிட் காத்தை ரெகுலருக்குள்ள விடு, ஊசியை எடுக்காமலே கவுத்து 10 உறிஞ்சு, குமிழி இருந்தா இப்பவே தட்டி வெளியேத்து. அப்புறம் என்பிஎச்சுல குத்தி மொத்தம் 30 வர்ற வரைக்கும் மெதுவா இழு. 31 வந்துட்டா ஒரு யூனிட்டைத் திருப்பித் தள்ளாதே. ஊசிக்குள்ள ரெண்டும் கலந்தாச்சு, மொத்தத்தையும் கொட்டிட்டு முதல்ல இருந்து.

வரிசை மாறினா என்ன ஆகும்னு கேட்பாங்க: என்பிஎச்சுல இருக்கிற ப்ரோட்டமின் ரெகுலர் பாட்டிலுக்குள்ள போயிடும், அந்த பாட்டில் மருந்து அதுக்கப்புறம் சீக்கிரம் வேலை செய்யாது. கிளார்ஜின் இன்சுலினும் தெளிவாத்தான் இருக்கும், அதை எதோடயும் கலக்கக் கூடாது. "தெளிஞ்சது முன்"னு பாடம் பண்ணவங்க அங்கதான் மாட்டுவாங்க, அதனால பாட்டில் பேரைச் சத்தமா வாசிச்சுட்டு ஆரம்பி. ஊசியும் பாட்டிலும் ஒரே செறிவா, அதாவது பாட்டில் மி.லி.க்கு 100 யூனிட்டுன்னா ஊசியும் அதுக்கானதுதானான்னு அப்பவே பார்த்துடு.